நாட்பட்ட ஹெபடைடிஸ் சி நோயில் வைரஸ் எதிர்ப்புச் சிகிச்சையும் இன்சுலின் எதிர்ப்புநிலையும்: கடைமடைக் கிராமத்துப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

2019 அக்டோபர் 24ஆம் நாள், தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, முற்பகல் பத்தரை மணியளவில், மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஒரு கடைமடைக் கிராமத்தில், சம்பா நடவு வயலில் 52 வயதுப் பெண் ஒருவர் நாற்று முடியைக் கையில் பிடித்தபடியே சேற்றில் சாய்ந்தார். உடன் நட்ட பெண்கள் அவரை வரப்பில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தனர். உடல் முழுவதும் வியர்த்திருந்தது, பேச்சு குழறியது. துணை சுகாதார நிலையத்திலிருந்து வந்த கிராம சுகாதாரச் செவிலியர் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 46 மி.கி. என்று காட்டியது. சர்க்கரை கரைத்த தண்ணீரும் அதன்பின் இரண்டு இட்லியும் கொடுத்ததில் கால் மணி நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

நான்கு ஆண்டுகளாக ஒரே அளவில் உட்கொண்டு வந்த சர்க்கரை மாத்திரைகள் அதுவரை அவருக்கு இப்படி ஒரு தாழ்சர்க்கரை மயக்கத்தைக் கொடுத்ததில்லை. சரியாக ஐந்து வாரங்களுக்கு முன், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்காகத் தொடங்கிய மாத்திரை மட்டுமே புதியது. அந்த மாத்திரைக்கு இரத்தச் சர்க்கரையைத் தானாகக் குறைக்கும் ஆற்றல் கிடையாது. அது வைரஸைக் குறைத்தது. வைரஸ் குறைந்ததால் சர்க்கரை குறைந்தது என்பதே எங்கள் முடிவு. அந்த முடிவுக்கு வந்த வழியையும், அவருடைய நீரிழிவு மருத்துவராகிய நான் அதற்குமுன் செய்யத் தவறியவற்றையும் பதிவு செய்வதற்காகவே, நோயாளியின் ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து இந்த ஆய்வை எழுதுகிறேன்.

நோய் வரலாறு

இவருக்கு மூன்று பிள்ளைகள். 1994இல் இரண்டாவது பிரசவத்தின்போது கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டு இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றப்பட்டது. தானமாகப் பெறும் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது 2001இல்தான். வைரஸ் இனங்காணப்பட்டதே 1989இல் என்பதை நினைவில் கொண்டால், 1994இல் ஏற்றப்பட்ட இரத்தத்தை யாரும் சோதித்திராததில் வியப்பில்லை. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் கொதிக்க வைத்த கண்ணாடி ஊசியால் பலருக்கும் அடுத்தடுத்து ஊசி போட்ட காலத்தையும் இவர் கடந்து வந்திருக்கிறார். எனவே நோய் எந்த வழியில் வந்தது என்று அறுதியிட முடியாது. இரத்தம் ஏற்றியதே வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

2010இல் கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி, அதாவது அந்த வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம், இருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. வைரஸின் மரபணு வகை 1. மறு ஆண்டு, அன்றைய வைரஸ் எதிர்ப்பு மருந்துகளான வாரம் ஒரு பெக்-இன்டர்ஃபெரான் ஊசியும் நாள்தோறும் 1000 மி.கி. ரிபாவிரின் மாத்திரையும் தொடங்கப்பட்டன. அதற்கான பணத்துக்காகக் கணவர் இரண்டு மா நிலத்தை விற்றார். ஊசி போட்ட ஒவ்வொரு வாரமும் இரண்டு நாள் குளிர்காய்ச்சல், முடி உதிர்வு, பசியின்மை என்று வருந்திய அந்த மூன்று மாதங்களைப் பற்றி இன்றைக்கும் அவர் விரிவாகப் பேச விரும்புவதில்லை. பன்னிரண்டாவது வாரத்தில் வைரஸின் அளவு மில்லி லிட்டருக்கு 18 லட்சம் அலகிலிருந்து 1.1 லட்சமாகத்தான் இறங்கியிருந்தது. நூறில் ஒரு பங்காகவாவது குறைந்தால்தான் மருந்தைத் தொடர்வதில் பயன் உண்டு என்பது அன்றைய நெறிமுறை. இவருக்குப் பதினாறில் ஒரு பங்காகவே குறைந்திருந்ததால் சிகிச்சை நிறுத்தப்பட்டது. "ஊசி உங்களுக்குக் கேட்கவில்லை" என்ற ஒற்றை வாக்கியத்துடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்கான விடை, அவருடைய அன்றைய காகிதங்களிலேயே ஓரளவு இருந்தது.

அந்தக் கோப்பை நான் முதன்முதலில் பார்த்தது 2019 ஆகஸ்டில். 2013இல் நீரிழிவு கண்டறியப்பட்டு, 2015 முதல் என்னிடம் அவர் சிகிச்சை பெற்று வந்தார். மெட்பார்மின் நாளொன்றுக்கு 2000 மி.கி., கிளிமிபிரைடு 4 மி.கி. என்ற அளவை எட்டியும் சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை. கல்லீரல் நொதிகள் இயல்பைவிட இரு மடங்கு உயர்ந்திருந்ததை நான் கவனித்தேன். வயிற்று ஸ்கேனில் "கொழுப்புக் கல்லீரல்" என்று எழுதியிருந்ததால், உடல் பருமனும் நீரிழிவும் உள்ள ஒருவருக்கு இது வழக்கம்தான் என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். நான்கு ஆண்டுகளில் ஒரு தடவையாவது ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பரிசோதனைக்கு எழுதியிருந்தால் உண்மை அன்றே வெளிப்பட்டிருக்கும். தமக்கு அந்த நோய் இருந்ததை அவரும் சொல்லவில்லை. "அது கேக்காத வியாதின்னு சொல்லிட்டாங்களேய்யா, உங்ககிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது" என்பதே அவருடைய விளக்கம். 2018 நவம்பர் கஜா புயலில் வீட்டு ஓடுகள் பறந்து நனைந்து உலர்ந்த காகிதங்களையெல்லாம் ஓர் அரிசிப் பையில் கொண்டுவந்து, எவை தேவை எவை தேவையில்லை என்று பார்த்துத் தருமாறு கேட்டபோதுதான் அந்த 2011ஆம் ஆண்டுக் கோப்பு என் கைக்கு வந்தது.

பழைய கோப்பு சொன்னவை

மை கரைந்திருந்தாலும் எண்கள் படிக்கும்படி இருந்தன. இன்டர்ஃபெரான் தொடங்குமுன் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 மி.கி. அன்றைய எடை 63 கிலோ. உயரம் 151 செ.மீ. இவ்விரண்டையும் கொண்டு கணக்கிட்டால் உடல் நிறை எண் 27.6. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்று கொள்ள வேண்டும். ஆக, நீரிழிவின் வாசலில் அவர் அப்போதே நின்றிருந்தார். ஆனால் சிகிச்சையின் பத்தாவது வாரத்தில் எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி) 5.2 விழுக்காடு என்று வந்ததால், சர்க்கரை பற்றிக் கவலை வேண்டாம் என்று எழுதப்பட்டிருந்தது.

அந்த 5.2 பொய்யான எண். ரிபாவிரின் சிவப்பணுக்களை அவற்றின் ஆயுள் முடியுமுன்பே சிதைக்கும். இவருடைய ஹீமோகுளோபின் அப்போது 8.6 ஆக இறங்கியிருந்தது. சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை, ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுவில் சர்க்கரை எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அளக்கிறது. அணுக்கள் இளமையிலேயே மடிந்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வந்துகொண்டிருந்தால் சர்க்கரை படியப் போதிய காலம் இருக்காது. எண் தாழ்ந்தே வரும். ரிபாவிரின் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு இந்தப் பரிசோதனையை நம்பக் கூடாது என்பதை அன்று யாரேனும் நினைவுகூர்ந்திருந்தால், நீரிழிவு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இன்டர்ஃபெரான் அவருக்குப் பலிக்காததற்கும், நீரிழிவின் அடியில் இருக்கும் இன்சுலின் எதிர்ப்புநிலைக்கும், அதாவது சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலைக்கும், தொடர்பு உண்டு. மரபணு வகை 1 நோயாளிகளில் இன்சுலின் எதிர்ப்புநிலை குறைவாக இருந்தவர்களில் 60.5 விழுக்காட்டினர் இன்டர்ஃபெரான்–ரிபாவிரின் சிகிச்சையால் நிலைத்த குணம் பெற, எதிர்ப்புநிலை மிகுந்தவர்களில் 32.8 விழுக்காட்டினரே குணமடைந்ததாக 2005இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. மெட்பார்மினைச் சேர்த்துக் கொடுத்தால் இன்டர்ஃபெரான் மேலும் நன்றாக வேலை செய்யுமா என்றும் பின்னர் சோதித்தார்கள். இன்சுலின் செயல்திறன் கூடியது. குணமடைந்தோர் விகிதம் சற்று உயர்ந்தாலும் அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லும்படி இல்லை. எனவே 2011இல் இவருடைய இன்சுலின் எதிர்ப்புநிலையை அறிந்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை அளந்திருந்தால், இரண்டு மா நிலத்தை விற்பதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் உண்மையான வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லியிருக்கலாம்.

2019இல் நிலைமை

எடை 61 கிலோ, இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. கழுத்தின் பின்புறத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. இன்சுலின் எதிர்ப்புநிலையின் இந்த வெளி அடையாளத்தை எங்கள் பகுதியில் "அழுக்கு" என்று நினைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக் கொள்பவர்கள் உண்டு. வயிற்றில் நீர்க்கட்டு இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை.

வைரஸ் அளவு 21 லட்சம் அலகு. கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 84, எஸ்.ஜி.பி.டி. 78, தட்டணுக்கள் 1.48 லட்சம், அல்புமின் 3.9, இரத்தம் உறையும் நேர விகிதம் 1.1, கிரியாட்டினின் 0.8, ஹீமோகுளோபின் 11.4. வயது, நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படும் ஃபிப்-4 மதிப்பு 3.3. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 11.9 கிலோபாஸ்கல் காட்டியது. கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) என்று முழுமையாகச் சொல்லத் தோராயமாக 12.5 வேண்டும். கருவி "இன்னும் இல்லை" என்கிறது, ஃபிப்-4 கணக்கு "வந்திருக்கலாம்" என்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டில் மோசமானதையே மெய்யென்று கொண்டு சிகிச்சையைத் திட்டமிடுவது நோயாளிக்குப் பாதுகாப்பு. அவ்வாறே செய்தோம்.

சர்க்கரையின் பக்கம்: வெறும் வயிற்றில் 162 மி.கி., மூன்று மாதச் சராசரி 8.9 விழுக்காடு, வெறும் வயிற்று இன்சுலின் 19 அலகு. சர்க்கரை எண்ணையும் இன்சுலின் எண்ணையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் கிடைப்பது ஹோமா மதிப்பு, இவருக்கு 7.6. இரண்டு அல்லது இரண்டரையைத் தாண்டினால் எதிர்ப்புநிலை உண்டு என்று பொதுவாகக் கொள்வர். ஆனால் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடை எடுத்துக்கொள்பவரிடம் இந்தக் கணக்கு மிகுதியாகக் காட்டும். நார்த்தன்மை ஏறிய கல்லீரல் இன்சுலினை மெதுவாகவே அழிப்பதும் எண்ணை உயர்த்தும். ஆகவே 7.6ஐத் துல்லியமான அளவாகக் கொள்ளாமல், திசைகாட்டியாக மட்டுமே கொண்டோம்.

ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. இரண்டும் இல்லை என்று உறுதி செய்தோம். சி வைரஸ் மறையும்போது உள்ளே அடங்கியிருக்கும் பி வைரஸ் கிளர்ந்தெழக் கூடும் என்பதால் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. கணவருக்கும் 1997இல் பிறந்த மூன்றாவது மகளுக்கும் ஆன்டிபாடி இல்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு இந்த வைரஸ் செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறுதான் என்றாலும், அந்தப் பெண்ணின் பரிசோதனை முடிவு வரும்வரை இவர் உறங்கவில்லை.

சிகிச்சை

இன்டர்ஃபெரான் காலத்துக்கும் 2019க்கும் இடையில் உலகம் மாறியிருந்தது. வைரஸின் நகலெடுப்பை நேரடியாகத் தடுக்கும் சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தார்கள். 2014 செப்டம்பரில் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்தபின் அதே மாத்திரை இங்கே அந்த விலையின் சிறு பகுதிக்குக் கிடைத்தது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியாக இலவசமாகவும் கிடைத்தது. சோஃபோஸ்புவிர் 400 மி.கி., வெல்பட்டாஸ்விர் 100 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று, பன்னிரண்டு வாரம். எந்த மரபணு வகைக்கும் இது பொருந்தும். முன்பு சிகிச்சை பலிக்காதவர்களிடமும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றி தருகிறது. இன்சுலின் எதிர்ப்புநிலை இன்டர்ஃபெரானின் கையைக் கட்டிப்போட்டதுபோல் இந்த மருந்தின் கையைக் கட்டுவதில்லை.

அருகிலுள்ள அரசு சிகிச்சை மையத்தில் 2019 செப்டம்பர் 19 அன்று முதல் மாத்திரை தரப்பட்டது. நெஞ்சு கரிப்புக்காக அவர் நாள்தோறும் விழுங்கிவந்த பாண்டோபிரசோல் மாத்திரையை முன்பே நிறுத்தினேன். வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்பட்டாஸ்விர் சரியாக உறிஞ்சப்படாது. இவ்வளவு கவனமாக இருந்த நான் கிளிமிபிரைடை அப்படியே விட்டுவிட்டேன். வீட்டில் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. இந்த வகை மருந்துகளின் தகவல் தாள்களில், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிகிச்சையின் முதல் மூன்று மாதங்களில் சர்க்கரையை அடிக்கடி கண்காணிக்க வேண்டும், தாழ்சர்க்கரை வரக்கூடும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. மையத்தில் வைரஸைக் கவனித்தார்கள், நான் சர்க்கரையைக் கவனித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவன் நான்தான், ஏனெனில் இரண்டு கோப்பும் என்னிடமே இருந்தன.

மயக்கத்தின் காரணத்தைத் தேடியது

அந்த ஆண்டு மேட்டூர் அணை ஆகஸ்ட் 13இல்தான் திறக்கப்பட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர்ந்து, நாற்றங்கால் தயாராகி, நடவு ஐப்பசிக்குத் தள்ளிப்போயிற்று. காலை ஆறு மணிக்கு நீராகாரம் குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால், பதினொரு மணிக்குத்தான் அடுத்த சாப்பாடு. குனிந்து நடும் கடும் உழைப்பும் நீண்ட இடைவெளியுமே மயக்கத்துக்குக் காரணம் என்று எளிதாக முடித்திருக்கலாம். ஆனால் 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இதே மாத்திரையுடன், இதே நீராகாரத்துடன், இதே நடவுக்கு அவர் போயிருக்கிறார். ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கிளிமிபிரைடு உடலில் தேங்கும்; ஆனால் அந்தப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் மாறவில்லை. கல்லீரல் செயலிழந்தால் சர்க்கரை தாழும்; ஆனால் கல்லீரல் உண்டாக்கும் அல்புமின் 4.0 என்று சற்றே உயர்ந்திருந்தது, நொதிகள் இரண்டும் முப்பதுக்குக் கீழ் இறங்கியிருந்தன. மாத்திரையைத் தவறுதலாக இருமுறை போட்டாரா என்று அட்டைகளை எண்ணிப் பார்த்தோம். கணக்கு சரியாக இருந்தது. எடை குறையவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான். நான்காம் வாரப் பரிசோதனையில் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு மறைந்திருந்தது. மயக்கத்துக்கு மறுநாள் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரை, முந்தைய இரவு கிளிமிபிரைடு இல்லாமலே, 104 மி.கி.

நோயாளிக்கும் அவர் மகளுக்கும் இதை நான் விளக்கியது காவிரிப் பாசனத்தை வைத்துத்தான். சக மருத்துவர்களுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன். ஆற்றின் நடுவில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. எட்டவில்லை என்று அணையில் கூடுதல் கன அடி திறக்கிறார்கள், ஓரளவு எட்டுகிறது. ஒரு நாள் ஆகாயத்தாமரை முழுவதையும் அப்புறப்படுத்திவிட்டு, அணையில் திறந்த அளவை மட்டும் குறைக்காமல் விட்டால் கடைமடையில் கரை உடையும். இங்கே அடைப்பு வைரஸ்; தண்ணீர் இன்சுலின்; அணையின் ஷட்டரை உயர்த்தியது கிளிமிபிரைடு. அடைப்பு அகன்றது, ஷட்டர் இறங்கவில்லை.

அடைப்பு எப்படி ஏற்படுகிறது என்பது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. இன்சுலின் செல்லின் வெளிச்சுவரில் வந்து அமர்ந்ததும், உள்ளே ஐ.ஆர்.எஸ்.-1 என்னும் புரதம் அந்தச் செய்தியை அடுத்த கட்டத்துக்குக் கடத்துகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸின் உட்கருப் புரதம் (வைரஸின் மரபணுப் பொருளைப் பொதிந்திருக்கும் புரதம்) கல்லீரல் செல்லுக்குள் எஸ்.ஓ.சி.எஸ். வகைப் புரதங்களை மிகுவித்து, அவற்றின் வழியே இந்த ஐ.ஆர்.எஸ்.-1ஐச் சிதைத்துவிடுகிறது. அழற்சியால் மிகும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் புரதமும் அதே பாதையைத் தடுக்கிறது. உட்கருப் புரதத்தின் மரபணு மட்டும் புகுத்தப்பட்ட எலிகளுக்கு, அவை பருமனாகும் முன்பே, இன்சுலின் எதிர்ப்புநிலை ஏற்பட்டதாக 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுவே: பருமன் இல்லாமலும் வைரஸ் தானே இதைச் செய்ய வல்லது. மரபணு வகை 3இல் வைரஸ் கல்லீரலில் நேரடியாகக் கொழுப்பைப் படியவைக்கிறது. வகை 1இல் கொழுப்புப் படிவது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்புநிலையின் விளைவு. இவருடைய ஸ்கேனில் நான் படித்துவிட்டு அமைதியான "கொழுப்புக் கல்லீரல்" இந்த இரண்டாவது வகை.

பின்தொடர்தல்

கிளிமிபிரைடை உடனே 1 மி.கி. ஆகக் குறைத்து, ஒன்பதாம் வாரத்தில் அறவே நிறுத்தினோம். மெட்பார்மின் தொடர்ந்தது. டிசம்பர் 12இல் பன்னிரண்டு வாரம் முடிந்தபோது சராசரிச் சர்க்கரை 6.9. இம்முறை ரிபாவிரின் இல்லை, ஹீமோகுளோபின் 11.6, ஆகவே இந்த எண்ணை நம்பலாம். 2020 மார்ச் 5 அன்று, மாத்திரையை நிறுத்திப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த இரத்தத்திலும் வைரஸ் இல்லை. இதுவே நிலைத்த குணம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, இன்சுலின் 10, ஹோமா 2.8. இதில் ஒரு பகுதி கிளிமிபிரைடை நிறுத்தியதால் வந்த இறக்கம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் கணையத்தைத் தூண்டும் மருந்தை எடுத்துவிட்டும் சர்க்கரை ஏறாமல் இறங்கியதை, வைரஸ் நீங்கியதைக் கணக்கில் கொள்ளாமல் விளக்குவது கடினம்.

அடுத்த மூன்று வாரத்தில் ஊரடங்கு வந்தது. நடவு, களையெடுப்பு இரண்டும் நின்றன. ரேஷன் அரிசி இருந்தது, கையில் கூலி இல்லை. மூன்று வேளையும் சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். 2021 ஜனவரியில் அவர் திரும்பி வந்தபோது எடை 65 கிலோ; வெறும் வயிற்றுச் சர்க்கரை 128, இன்சுலின் 13, ஹோமா 4.1, சராசரி 7.4. வைரஸ் திரும்பிவிட்டதோ என்ற அச்சத்தோடு பரிசோதித்தோம், இல்லை. வைரஸால் வந்த அடைப்பு நீங்கிவிட்டது, எடையால் வந்த அடைப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. குணமடைந்தபின் எடை ஏறுவதைப் பலரிடம் காண்கிறோம். நோய் போய்விட்டது என்ற நிம்மதியில் வீட்டார் அன்போடு ஊட்டுவதும் ஒரு காரணம். தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 82இலிருந்து 118 ஆக உயர்ந்திருந்தது. கல்லீரலின் கொழுப்புக் கடத்தும் பாதைகளைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்த வைரஸ் அகன்றதும் இது உயர்வது எதிர்பார்க்கத்தக்கதே, அடோர்வாஸ்டாடின் தொடங்கினோம். ஃபைப்ரோஸ்கேன் 8.1, தட்டணுக்கள் 1.72 லட்சம்.

எதிர்பாராத இடர் 2021இன் இறுதியில் வந்தது. கண்புரை அறுவை சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்ததும், நோய் குணமாகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆன்டிபாடி என்பது போர் நடந்த சுவடு. அது ஆயுளுக்கும் இருக்கும். வைரஸ் இருக்கிறதா என்பதை, அதன் மரபணுப் பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை மட்டுமே சொல்லும். இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தபின் அறுவை நடந்தது. இடைப்பட்ட ஆறு வாரம் அவர் வீட்டில் தனித் தட்டில் சாப்பிட்டார் என்பதை மகள் பின்னர் சொன்னார்.

இந்த ஒரு நிகழ்விலிருந்து எவ்வளவு சொல்லலாம்

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளைப் பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இங்கே எனக்கு நிதானத்தைக் கற்றுத் தருகிறது. தொடக்கத்தில் சராசரிச் சர்க்கரை உயர்ந்திருந்தவர்களில், வைரஸ் நீங்கியவர்களுக்கு அது 0.98 புள்ளி குறைந்தது. வைரஸ் நீங்காதவர்களுக்கும் 0.65 குறைந்தது. மருத்துவமனைக்கு அடிக்கடி வருவதும், மாத்திரையைத் தவறாமல் போடுவதும், உணவில் கவனம் கொள்வதும் சேர்ந்து சர்க்கரையைக் குறைத்திருக்க வேண்டும். வைரஸ் நீக்கத்தின் தனிப் பங்கு எஞ்சிய வேறுபாடுதான். இவருக்குக் குறைந்த இரண்டு புள்ளியும் வைரஸ் போனதால் மட்டுமே என்று நான் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் சராசரி என்பது பலரின் கூட்டுக்கணக்கு. அதில் ஒன்றும் மாறாதவர்களும் இருப்பார்கள், இவரைப்போல் வயலில் விழுபவர்களும் இருப்பார்கள். யார் விழுவார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாதபோது, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும், வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கும் நாளிலேயே அளவைக் குறைப்பது பற்றி யோசித்து, முதல் மூன்று மாதம் வாரந்தோறும் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்ப்பதே சரி என்று கருதுகிறேன். நடவு, அறுப்புக் காலமாக இருந்தால் இன்னும் முன்னெச்சரிக்கை வேண்டும். குளுக்கோமீட்டர் இல்லாதவரிடம் ஒரு துண்டு வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்லலாம்.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவில் ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி உள்ளவர்கள் 0.32 விழுக்காடு என்கிறது தேசிய அளவிலான இரத்த ஆய்வு. சிறிய எண்தான். நீரிழிவும் உயர்ந்த கல்லீரல் நொதிகளும் சேர்ந்து உள்ளவர்களை, அதுவும் 2001க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களை, இந்தப் பொதுக் கணக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அவர்களுக்கு ஆன்டிபாடி பரிசோதனையை ஒருமுறை செய்யாமல் "கொழுப்புக் கல்லீரல்" என்று எழுதுவதை 2019க்குப் பின் நான் நிறுத்திவிட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது 2022 ஜூனில். அணை மே 24ஆம் நாளே திறக்கப்பட்டிருந்ததால் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. எடை 62 கிலோ. மெட்பார்மின் மட்டும் 1500 மி.கி.; வெறும் வயிற்றில் 110, சராசரி 6.7. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கட்டி ஏதுமில்லை. தொடக்கத்தில் அவருடைய கல்லீரலைச் சுருக்கமடைந்ததாகவே கணக்கில் கொண்டோம் என்பதால், வைரஸ் போயிருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ஸ்கேன் தொடர வேண்டும். டிசம்பர் மாதத்துக்கான நாளைக் குறித்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சிறு அட்டையையும் அன்று அவரிடம் தந்தேன். அதில் இப்படி எழுதியிருந்தது: "இவருக்கு ஹெபடைடிஸ் சி 2020 மார்ச்சில் குணமாகிவிட்டது. ஆன்டிபாடி பரிசோதனை எப்போதும் பாசிட்டிவாகவே வரும். ஐயம் இருந்தால் ஆர்.என்.ஏ. பாருங்கள். கிளிமிபிரைடு தர வேண்டாம்." தமக்கு எழுத்து தெரியாது என்பதால், என்ன எழுதியிருக்கிறது என்று இருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, மாத்திரைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.